பீடத்துணியில் மூன்று ஓட்டைகள்

மாதா கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கிளாரன்ஸ் வெள்ளிக்கிழமை மாலை திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த பீடத்துணி, சனிக்கிழமை காலையிலும் சாப்பாட்டு மேஜையின் மேல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. வீட்டில் நால்வர் இருந்தும், அதை எடுத்து அலமாரியில் வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

சென்ற வாரம் நம்மோடு இல்லாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த வீட்டாருக்குக் கோயில் பீடத்துணிகளை வெளுத்துக் கொடுக்கும் உரிமை இருபத்திரண்டு ஆண்டுகளாக உண்டு. கூலி இல்லாத வேலை. ஆகையால் கௌரவம் அதிகம். அந்தப் பங்குக் கோயிலில் அதற்கு ‘டோரீன் வெளுப்பு’ என்று பெயர். டோரீனுக்கு ஐம்பத்தொரு வயது. திருமணம் செய்துகொள்ளாமல் தம்பி சிரிலின் குடும்பத்தோடு இருப்பவள். துணியை ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டவள் சிரிலின் மனைவி நோரா. கூடையில் அடுக்கிக் கோயிலுக்கு எடுத்துச் சென்றவள் டோரீன்.

இப்போது அந்தத் துணியின் லேஸ் ஓரத்தில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் நாலணாக் காசு அகலம். பங்குச் சாமியார் கேட்டபோது, அது தம்பி மகள் பிரிஜெட்டின் கைவேலை என்று டோரீன் சொல்லிவிட்டாள். சின்னப் பெண், பொறுமை போதாது, எதையோ போட்டுத் தேய்த்துவிட்டாள் என்றாளாம்.

பத்தொன்பது வயதுப் பிரிஜெட்டுக்குக் கன்னியர் பள்ளியில் சின்ன வகுப்பு ஆசிரியை வேலை ஏறத்தாழ நிச்சயமாகியிருந்தது. சாமியாரின் நன்னடத்தைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. பீடத்துணியையே கவனமாகக் கையாளத் தெரியாதவளிடம் நாற்பது குழந்தைகளை எப்படி ஒப்படைப்பது என்று சாமியார் பேனாவை மூடி வைத்துவிட்டார். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கன்னியர் மடத்துக் கதவு சாத்தப்படும். அதற்குள் கடிதம் வராவிட்டால் வேலை இன்னொரு பெண்ணுக்கு.

நோரா இரவு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். விடிந்ததும் துவைக்கும் கல்லருகே போனாள்.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவு. திங்கட்கிழமை அந்தத் துணியைப் பூந்திக்கொட்டை நீரில் அவள்தான் அலசினாள். பீடத்துணிக்குச் சோப்பு ஆகாது என்பது டோரீனின் சட்டம். பீடத்தில் தேன்மெழுகுத் திரிதான் எரியலாம், கொழுப்புத் திரி கூடாது; அப்படியிருக்க, கொழுப்பில் காய்ச்சிய சோப்பு மட்டும் எப்படி ஆகும்? இந்தச் சட்டம் எந்த ஞானோபதேசப் புத்தகத்திலும் இல்லை. எனினும் இருபத்திரண்டு ஆண்டுகளாக அமலில் இருந்தது. ஆடி மாதத்துத் தூறலில் மூன்று நாள் வெயிலே இல்லை. புல்லில் விரித்து, நீர் தெளித்து, வெயிலில் வெளுக்க வேண்டிய துணி, கொல்லைக் கொடியில் பழுப்பேறித் தொங்கியது. புதன்கிழமை மத்தியானம், “மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்” என்று டோரீன் அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். வியாழக்கிழமை துணி பால் போலக் கோயிலுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை ஓட்டைகளோடு திரும்பியது.

கல்லருகே நின்றவளின் கண் ரோஜாச் செடிமேல் விழுந்தது. பீடத்துணி அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதில்லை. செடியின் வேரில்தான் ஊற்றுவார்கள். அந்த வீட்டில் அதற்கென்று இருந்தது அந்த ரோஜா. மூன்று நாள் முன்பு வரை மொட்டுவிட்டுக்கொண்டிருந்த செடி, இலை ஓரமெல்லாம் வெந்தது போலச் சுருண்டு தொங்கிற்று. நோரா குனிந்து வேர்மண்ணைக் கிள்ளி முகர்ந்தாள். முனிசிபாலிட்டி ஆட்கள் கிணற்றுக்கு மருந்து போட்டுவிட்டுப் போன நாளின் வாடை.

வீட்டுத் துணிக்குச் சோப்பு தீர்ந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள்.

ஃபாத்திமாவின் கடை, கடை என்று சொல்லத் தகுந்ததன்று. வீட்டு முன்னறையில் ஒரு பலகை, அதன்மேல் மஞ்சள் சோப்புப் பாளங்கள், அறுக்க ஒரு கம்பி. நோரா எப்போதும் போல முன்வரிசைப் பாளங்களை ஒதுக்கிப் பின்னாலிருந்த ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். ஈரமான சோப்பு இரண்டே நாளில் கரைந்துவிடும். மாதக்கணக்கில் காய்ந்து இறுகியதுதான் கல்லில் நிற்கும்.

“நல்லதா பார்த்து எடுக்கறீங்க, நோராம்மா,” என்று கம்பியை இழுத்தாள் ஃபாத்திமா. “தூள் வேணாமா இந்தத் தடவை?”

எந்தத் தூள் என்று நோரா கேட்டாள்.

“வெளுக்கற தூள். ப்ளீச்சிங். உங்க வீட்டுப் பெரியம்மா புதன்கிழமை ரெண்டு பொட்டலம் எடுத்துட்டுப் போனாங்களே. தண்ணியில கரைச்சு, தெளிய வெச்சு, மேல் தண்ணியை மட்டும் வடிகட்டி ஊத்தணும், அடியில நிக்கற மணி துணிமேல பட்டா தின்னுடும்னு சொன்னேன். கேட்டாத்தானே. ‘எனக்குச் சொல்லித் தர்றியா’ன்னு ஒரு மொறைப்பு. சரி, பெரிய ஆளுங்க, நமக்கு என்னாத்துக்குப் பேஜாருன்னு விட்டுட்டேன்.”

நோரா அறுத்த சோப்பைப் பையில் வைத்தாள். பிறகு, அந்தத் தூளில் ஒரு பொட்டலம் தனக்கும் வேண்டும் என்றாள்.

வீடு திரும்பியபோது டோரீன் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். மாலை ஆசீர்வாதத்துக்குப் பூ அலங்காரம் அவள் பொறுப்பு. நோரா வழியில் நின்றாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. புதன்கிழமை வாங்கிய தூளைப் பற்றியும், செத்துக்கொண்டிருக்கும் ரோஜாவைப் பற்றியும் அடுத்தடுத்துச் சொன்னாள். பீடத்துணித் தண்ணீரைச் செடி வேரில் ஊற்ற வேண்டும் என்று நினைவு வைத்திருந்தவள், அதைக் கெடுத்தது வேறொருத்தி என்று சாமியாரிடம் எப்படிச் சொன்னாள் என்று கேட்டாள்.

டோரீன் முகம் மாறவில்லை. தூள் வாங்கியது உண்மைதான் என்றாள். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அந்தத் தூளில்தான் வெளுக்கிறார்கள்; அங்கே எந்தத் துணியும் ஓட்டையாகவில்லை. வியாழக்கிழமை காலை கொடியிலிருந்து துணியை இழுத்தவள் பிரிஜெட். வேலி முள்ளில் மாட்டியிருக்கும். செடி மழையில் அழுகியிருக்கும்.

“முள்ளு கிழிக்கும், அக்கா. வட்டமா தின்னாது.”

“நீ எனக்குத் துணியைப் பத்திச் சொல்ல வேணாம், நோரா. இருபத்திரண்டு வருஷமா என் பேரைச் சொல்லித்தான் அந்தப் பீடத்துல துணி விரிக்கறாங்க.”

“ஆமாம். பேரைச் சொல்லித்தான்.”

டோரீன் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நாலு மணிக்கு வருவேன் என்றுகூட இவளிடம் சொல்லவில்லை. உள்ளே இருந்த பிரிஜெட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

சிரில் கண்டோன்மெண்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சனிக்கிழமை அரைநாள். ஒரு மணிக்கு வந்து கை கழுவியவனின் முன்னால் நோரா எல்லாவற்றையும் வைத்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். நம்பவில்லை என்று சொல்லவில்லை. நம்பியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அக்காவாகத்தான் இருக்கும் என்று அவனுக்கும் வெள்ளிக்கிழமையே தோன்றியிருக்கிறது. ஆனால் அப்பா இறந்தபோது தனக்குப் பன்னிரண்டு வயது. வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டுத் தன்னைப் படிக்கவைத்தவள் அக்கா. ஊரில் அவளுக்கென்று இருப்பது அந்தக் கோயில் துணி ஒன்று. அதையும் பிடுங்கிக்கொண்டு அவளைத் தெருவில் நிறுத்தவா என்றான். பிரிஜெட்டுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கும். அவளுக்கு வயது இருக்கிறது.

“அவளுக்கு வயசு இருக்கு. பேரு?” என்று கேட்டாள் நோரா. “நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும் இதே சாமியார்கிட்டதான் லெட்டருக்கு நிக்கணும். அப்போ என்ன எழுதுவாரு?”

அவன் மோர் கேட்டான்.

அவள் மோரை ஊற்றினாள். டம்ளரின் விளிம்பு வரை, ஒரு துளி சிந்தாமல். பிறகு நேரே டோரீனின் அறைக்குப் போனாள்.

அலமாரியின் மேல்தட்டில், மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஒரு வெள்ளைப் புடவை இருந்தது. சன்னமான மல் துணி, பட்டு இழைக் கரை. டோரீன் அதை உடுத்தி நோரா பார்த்ததில்லை. ஆண்டுக்கு ஒரு முறை காகிதத்தை மாற்றுவதை மட்டும் பார்த்திருக்கிறாள். திருநாளுக்கென்று சேமிக்கிறாள் என்பது நோராவின் எண்ணம். அந்த வீட்டில் அதைவிட வெள்ளையாக ஒரு துணியும் இல்லை.

நோரா குளியலறைத் தொட்டியில் வெந்நீர் ஊற்றினாள். பொட்டலத்தை முழுதாகக் கொட்டினாள். தெளியவைக்கவில்லை, வடிகட்டவுமில்லை. தூள் மணிமணியாக அடியில் உருண்டது. புடவையை அதில் அமுக்கி, மேலே பலகை வைத்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழிட்டாள். கை எரிந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு மணி நேரம் அவள் வேறு வேலை பார்த்தாள். புதுச் சோப்பைப் போட்டு வீட்டுத் துணி அத்தனையும் துவைத்தாள். சிரிலின் சட்டைக் கழுத்துப் பட்டையைக் கல்லில் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் தையல் பிரிந்தது.

மூன்றரைக்குப் புடவையை எடுத்து அலசினாள். தண்ணீரைச் சாக்கடையில் விட்டாள். கொல்லையில் இரண்டு கொடிகள் உண்டு. தாழ்வானது வீட்டுத் துணிக்கு. உயரத்தில் கட்டியது கோயில் கொடி. உடுத்தும் துணி எதுவும் அதில் ஏறலாகாது, தலையணை உறைகூட ஏறியதில்லை. நோரா முக்காலி போட்டு ஏறிப் புடவையைக் கோயில் கொடியில் விரித்தாள். காற்றில் அது விரிந்தபோது, மடிப்பு மடிப்பாகத் தூள் நின்ற இடங்களில் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

பிரிஜெட் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது யார் புடவைம்மா?”

உன் அத்தையுடையது என்றாள் நோரா. தூள் துணியைத் தின்னாது என்றவள் வந்து பார்க்கட்டும். ஐந்து மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது. இதைப் பார்த்த பிறகும் அவள் வாயில் பொய் வராது.

பிரிஜெட் வாசலை விட்டு இறங்கி வந்தாள். அவள் இவ்வளவு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை, வெள்ளிக்கிழமைகூட அழவில்லை.

“நான் கேட்டேனா, அம்மா? அத்தை சொன்னது பொய்னு நானே சாமியார்கிட்ட போய்ச் சொல்லியிருப்பேன். நீங்கதான் பெரியவங்களை எதிர்த்துப் பேசாதேன்னு நிறுத்தினீங்க. இப்போ எனக்காகப் பண்ணினேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

வாசற்கதவு திறந்தது.

டோரீன் நேரே கொல்லைக்கு வந்தாள். மழை வருமுன் கொடியைப் பார்க்கும் வழக்கம் அவளுடையது. முதலில் அவள் கண்டது, கோயில் கொடியில் ஏதோ ஓர் உடுப்பு ஏறியிருக்கிறது என்பதைத்தான். அதற்கே வாயைத் திறந்தாள். பிறகு கரையை அடையாளம் கண்டாள்.

கிட்டே போய் முந்தானையைத் தொட்டாள். சுட்டுவிரல் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. இழை நொய்ந்து உதிர்ந்தது.

“உங்க தூள்தான், அக்கா,” என்றாள் நோரா. குரல் தான் நினைத்ததைவிட உரக்க ஒலித்தது. “நீங்க போட்ட மாதிரியே போட்டேன். வடிகட்டாம. இங்கே வேலி முள்ளு எங்கே இருக்குன்னு காட்டுங்க. இதையும் பிரிஜெட்தான் இழுத்தாளா?”

டோரீன் விரலை வெளியே எடுக்கவில்லை. ஓட்டைக்குள் விட்டபடியே நின்றாள்.

“திருநாளுக்கு வெச்சிருந்தேன்னு நினைச்சியா?” என்றாள். “கல்லறைக்கு வெச்சிருந்தேன். என்னைப் பெட்டியில வைக்கறப்போ கட்டறதுக்கு. நானே நூல் பார்த்து வாங்கினது. நீங்க யாராவது அந்த நேரத்துல கடைக்கு ஓடக் கூடாதுன்னு.”

பிரிஜெட் அத்தையின் கையைப் பிடிக்கப் போனாள். டோரீன் விலக்கினாள்.

நோராவின் கோபம் தணியவில்லை. தணிந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அது அப்படியே நின்றது, ஆனால் காலடியில் தரை இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. தெரியாதது ஒன்று, செய்தது இன்னொன்று. அவள் சொல்லவில்லை.

டோரீன் புடவையைக் கொடியிலிருந்து இறக்கினாள். ஈரம் சொட்டச் சொட்ட, மூலை மூலையாகச் சேர்த்து, இஸ்திரி போட்ட துணியைப் போல மடித்தாள்.

“வா,” என்றாள். “சாமியார் நாலே முக்காலுக்கு அறையில இருப்பார். நான் பண்ணினதை நான் சொல்றேன். நீ பண்ணினதை நீ சொல்லு. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் சொல்லாம இருக்கக் கூடாது.”

சிரில் கூடத்தில் எழுந்து நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டான். இரண்டு பெண்களும் அவனைக் கடந்து வெளியே போனார்கள்.

கோயில் வரை கால் மைல். டோரீன் முன்னால், நாலடி பின்னால் நோரா. தூறல் பிடித்துக்கொண்டது. குடை டோரீனின் அக்குளிலேயே இருந்தது. அவள் விரிக்கவில்லை, நோரா கேட்கவுமில்லை.

சாமியாரின் அறை வாசலில் கிளாரன்ஸ் சைக்கிளோடு நின்றான். கடிதம் ஏதாவது எழுதப்பட்டால் அதைக் கன்னியர் மடத்துக்குக் கொண்டுபோக வேண்டியவன் அவன். ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்வரை நிற்கச் சொன்னார், அம்மா, அதற்குமேல் போனாலும் பிரயோஜனமில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னான். டோரீன் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நோரா சுவரோரம் நின்றாள். உள்ளே பேச்சுக் குரல் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு. கதவு திறந்தது. சாமியாரே நின்றார்.

உள்ளே வரச் சொன்னார். டோரீன் வந்து உட்கார்ந்தவள் ஈரப் புடவையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். முதலில் நோரா பேசட்டும் என்கிறாள். என்ன விஷயம் என்றார்.

நோரா நிலைப்படியில் நின்று நாத்தனாரைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு உடனே புரிந்தது. தான் முதலில் வாயைத் திறந்தால், ஒருத்தியின் சாவுத் துணியை வேண்டுமென்றே பொசுக்கிய பெண்ணாகச் சாமியாருக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்தத் தாயின் மகளுக்கு நன்னடத்தைக் கடிதம் எங்கே கிடைக்கும்? அதன்பிறகு டோரீன் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம். யார் என்ன செய்ய முடியும்? முதலில் பொய் சொன்னவள் நீ, நீ முதலில் சொல் என்று கத்த வேண்டும் போலிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகப் பதினான்கு நிமிஷம் இருந்தது.

அவள் உள்ளே போய் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“சாமி, இன்னிக்கு மத்தியானம் இவுங்க அலமாரியிலேருந்து இந்தப் புடவையை எடுத்தேன்,” என்றாள். “கேட்டு எடுக்கல. ப்ளீச்சிங் தூளைக் கொட்டி ஊறவெச்சேன். ஓட்டையாகும்னு தெரிஞ்சே வெச்சேன். அவுங்க கல்லறைக்கு வெச்சிருந்ததுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா வேற புடவையை எடுத்திருப்பேன். எடுக்காம இருந்திருக்க மாட்டேன். கோவத்துல பண்ணினது. கோவம் இன்னும் போகல. அவ்வளவுதான்.”

சாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். மேஜையின் மேல் காகிதம் இருந்தது. பேனா மூடியபடியே இருந்தது. வெளியே கிளாரன்ஸ் சைக்கிளைத் திருப்பி நிறுத்தும் ஓசை கேட்டது.

நோரா நாத்தனாரின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இப்போ நீங்க.”